இடம் கேட்டு வந்தவள்

காசநோய் விடுதி, ரெய்க்யவிக் அருகே
20 ஜூன் 1949

நலமாக வா, ஹெட்விக்.

எங்கள் நாட்டில் கடிதமானாலும் வீட்டு வாசலானாலும் இப்படித்தான் தொடங்குவோம். பிரியும்போது "நலமாக இரு" என்போம். இது முதல் பாடம்.

நான் ஆர்ன்டீஸ். நீ இப்போது நிற்கிற அடுப்படி என்னுடையது. ஸ்டெய்ந்தோர் என் புருஷன். தொட்டிலில் கிடக்கிறவள் என் மகள். அவள் பிறந்த மூன்றாம் மாதம் இருமினேன், கைக்குட்டையில் ரத்தம் வந்தது, கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார்கள். வசந்தத்தில் வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொன்னார். எந்த வசந்தம் என்று சொல்லவில்லை.

ஸ்டெய்ந்தோரின் கடிதம் போன வாரம் வந்தது. மொத்தமே மூன்று வரி. "ஜெர்மன்காரப் பொண்ணு வந்துருச்சு. சுத்தமா இருக்கு. வாயே தொறக்கல." உனக்கு எங்கள் பேச்சு தெரியாது. அவருக்கு எந்தப் பேச்சுமே தெரியாது. நடுவில் என் குழந்தை. இன்னும் கொஞ்ச நாளில் அவள் பேசத் தொடங்குவாள். யார் வாயைப் பார்த்துப் பேசுவாள்? உன் வாயைப் பார்த்துத்தான்.

அதனால்தான் எழுதுகிறேன், உன்மேல் பாசம் பொங்கி அல்ல. உன்னை எனக்குத் தெரியாது. ஆனால் என் மகள் குளறிக் குளறிப் பேசி வளரக் கூடாது. நான் திரும்பி வரும் நாளில் அவள் சொல்வது எனக்குப் புரிய வேண்டும், நான் சொல்வது அவளுக்குப் புரிய வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது.

அடுப்படிச் சொற்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பால், ரொட்டி, மீன், சூடு, தொடாதே. எல்லாவற்றிலும் முக்கியம் "தொடாதே". தெரியாததை அகராதியில் பார்த்துக்கொள். போனில் கூப்பிட நினைக்காதே. குடாக்கரைப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் ஒரே லைன், குடா முழுவதும் ஒட்டுக் கேட்கும். அடுத்த பண்ணை சோல்வேய்க் ரிசீவரைக் காதிலிருந்து எடுப்பது தூங்கும்போது மட்டும்தான்.

இன்னொன்று. எனக்கு "நீங்கள்" வேண்டாம். எங்கள் பக்கம் பிஷப்பைத் தவிர யாருக்கும் அது கிடையாது. மாட்டுக்கும் நீ, எனக்கும் நீ.

நலமாக இரு.
ஆர்ன்டீஸ்


கால்டபக்கி பண்ணை
10 ஜூலை 1949

நலமாக வாருங்கள், மதிப்புள்ள ஆர்ன்டீஸ்.

நான் நலம். குழந்தை நல்லது. பசு நல்லது. ஆடு மலை போகிறது. மழை இருக்கிறது. மழை எப்போதும் இருக்கிறது.

நான் ரொட்டி செய்தேன். ரொட்டி கல். ஸ்டெய்ந்தோர் சாப்பிட்டார். ஸ்டெய்ந்தோர் சொன்னார்: யாய்யா. நான் அகராதி பார்த்தேன். யாய்யா இல்லை. யாய்யா என்ன?

எனக்கு வயது இருபத்தெட்டு. என் ஊர் இப்போது என் ஊர் இல்லை. வேறு நாடு. என்னிடம் ஒரு பெட்டி, ஒரு கோட்டு. ஒப்பந்தம் ஒரு வருடம்.

குழந்தை பெயர் என்ன? நான் ஸ்டெய்ந்தோர் கேட்டேன். ஸ்டெய்ந்தோர் சொன்னார்: யாய்யா. இது பெயர்?

"நீ" சொல்ல என் வாய் வரவில்லை. மன்னிக்கவும். நீங்கள்.

நலமாக இருங்கள்.
ஹெட்விக்


காசநோய் விடுதி
2 ஆகஸ்ட் 1949

நலமாக வா, ஹெட்விக்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து கடிதத்தைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "உனக்கு ஜோக்கு எழுதுறவங்கள முதல்ல ஜெயில்ல போடணும்" என்றாள்.

குழந்தை "நல்லது" அல்ல. குழந்தை நன்றாக இருக்கிறாள். பசு வேண்டுமானால் நல்லதாக இருந்துவிட்டுப் போகட்டும். "ஸ்டெய்ந்தோர் கேட்டேன்" என்பதும் தவறு, "ஸ்டெய்ந்தோரிடம் கேட்டேன்". எங்கள் பேச்சில் பெயர்கூட நின்ற இடத்தில் நிற்காது, ஆளைப் பொறுத்து வாலை மாற்றிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு குதிரையைப் பிடித்து இதைக் கத்திக் கத்திப் படிக்கும். இதோ ஹெஸ்துர். ஹெஸ்த் பற்றி. ஹெஸ்தியிடமிருந்து. ஹெஸ்த்ஸ் நோக்கி. உனக்குக் குதிரை வேண்டாம், என் பெயரை எடுத்துக்கொள். இதோ ஆர்ன்டீஸ். ஆர்ன்டீஸி பற்றி. ஆர்ன்டீஸியிடமிருந்து. ஆர்ன்டீஸர் நோக்கி. பால் கறக்கும்போது சொல்லிப் பார். மாடு திருத்தாது, ஆனால் பொறுமையாகக் கேட்கும்.

யாய்யா அகராதியில் இருக்காது. காபிக்கு முன்னால் அவர் சொன்னால் "காபி எங்கே" என்று அர்த்தம். காபிக்குப் பின் சொன்னால் "வேலைக்குப் போகிறேன்". வானத்தைப் பார்த்துச் சொன்னால் வைக்கோலை உள்ளே இழுக்க வேண்டும். விருந்தாளியைப் பார்த்து முழங்காலில் தட்டிக்கொண்டு சொன்னால், விருந்தாளி கிளம்ப வேண்டும். நான் கப்பலேறியபோது படகுத்துறையில் நின்று அதைத்தான் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு எழுத மாட்டேன்.

உன் ரொட்டியை அவர் சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமான புதிதில் என் ரொட்டியை நாய்க்குப் போட்டார். சும்மா சொன்னேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இல்லை, கொஞ்சம் தப்பாகவே எடுத்துக்கொள். நாள் முழுவதும் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பவளுக்கு வேறென்ன வேலை.

குழந்தையின் பெயரைக் கேட்காதே. அது என்னிடம் இருக்கிறது. நான் வந்த பிறகு எல்லாருக்கும் தெரியும்.

நலமாக இரு.
ஆர்ன்டீஸ்


கால்டபக்கி
2 அக்டோபர் 1949

நலமாக வாருங்கள், மதிப்புள்ள ஆர்ன்டீஸ்.

நீங்கள் ஒவ்வொரு கப்பலிலும் அனுப்பிய சொல் தாள்களை, ஆட்டுச் சொற்கள் உட்பட, மனப்பாடம் செய்துவிட்டேன். ஆடுகள் மலையிலிருந்து வந்துவிட்டன. இந்த வாரம் முழுவதும் ஈரல் அரைத்து, ரத்தம் கலக்கி, ஆட்டு இரைப்பையில் அடைத்துத் தைத்தோம். சோல்வேய்க் உதவிக்கு வந்தார். என் தையலைப் பார்த்து, "இது ஆட்டு வயிறும்மா, கல்யாணப் பெண்ணோட பாவாடை இல்ல. இவ்வளவு சின்னச் சின்னத் தையலா போட்டா நாம கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கதான் உக்காந்திருக்கணும்" என்றார். முழுவதும் எனக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டேன், கையெல்லாம் ரத்தத்தோடு.

உங்கள் மகள் நடக்கிறாள். அடுப்படி நாற்காலியிலிருந்து ஸ்டெய்ந்தோர் வரைக்கும், நடுவில் எதையும் பிடிக்காமல். போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் "யாய்யா" என்றார். அது என்ன யாய்யா என்று நீங்கள் எழுதிய எதிலும் வரவில்லை. கண் துடைக்கிற யாய்யா.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதங்களைப் பிரிக்கும் முன் அடுப்புச் சூட்டில் வைக்கச் சொல்கிறார் சோல்வேய்க். கிருமி குழந்தைக்கு வந்துவிடுமாம். வைக்கிறேன். வைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஆர்ன்டீஸி பற்றித் தினமும் மாட்டிடம் சொல்கிறேன்.

நலமாக இருங்கள்.
ஹெட்விக்


காசநோய் விடுதி
6 நவம்பர் 1949

செல்வி ஹெட்விக் அவர்களுக்கு.

நேற்று சோல்வேய்கின் தங்கை என்னைப் பார்க்க வந்தாள். கோட்டைக் கழற்றும் முன்பே என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "பேருக்கு வாழ்த்துக்கள், ஆர்ன்டீஸ். நல்ல பேரு. கொஞ்சம் வெளிநாட்டுப் பேரா இருக்கு, ஆனா காதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் "என்ன பேரு?" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

லோட்டே.

ஸ்டெய்ந்தோர் போனில் பேசும்போது பின்னால் நீங்கள் "லோட்டே, வா", "லோட்டே, தொடாதே" என்று கூப்பிடுவது லைன் முழுவதும் கேட்டிருக்கிறது. பாதிரியார் வந்து போய்விட்டார், நான் இல்லாமலே சடங்கு முடிந்துவிட்டது என்று குடாவில் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். குடாவில் என் மகளுக்குப் பெயர் இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

எங்களிடம் ஞானஸ்நானம் ஆகும்வரை பிள்ளைக்குப் பெயர் கிடையாது. மனதில் வைத்திருக்கும் பெயரைத் தாய் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள், பெற்றவனிடம்கூட. பாதிரியார் தண்ணீரில் கை வைத்துக் கேட்கும்போதுதான் சொல்வாள். பாதிரியார் எத்தனையோ தடவை ஆள் அனுப்பிவிட்டார், "இன்னும் எத்தன நாளைக்குப் பிள்ளைய இப்படி மொட்டையா வெச்சிருப்பீங்க" என்று. நான் வரும்வரை பொறுக்கச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு மேல் என் பாலை அவள் குடிக்கவில்லை. என் கையில் தூங்கவில்லை. அவளுக்குக் கொடுக்க என்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதையும் நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

இனி என்னிடமிருந்து சொற்கள் வராது. உங்களுக்குத் தேவைக்கு மேலேயே தெரிந்துவிட்டது.

ஆர்ன்டீஸ்


கால்டபக்கி
27 நவம்பர் 1949

மதிப்புள்ள ஆர்ன்டீஸ்.

"நீங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். இத்தனை நாள் நான் சொன்ன "நீங்கள்" இப்படித்தான் உங்களைக் குத்தியதா என்று தெரியவில்லை. என்னைக் குத்தியது.

வழக்கம் எனக்குத் தெரியாது. நீங்கள் பெயரைக் கேட்காதே என்று எழுதினீர்கள், ஏன் என்று எழுதவில்லை. உங்களுக்கு அது எழுத வேண்டிய விஷயமாகத் தோன்றியிருக்காது. நான் அப்படிக் கூப்பிடுவதை ஸ்டெய்ந்தோர் காதால் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. ஏன் என்று இப்போது கேட்டேன். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அவர் ஒரே மூச்சில் இத்தனை சொற்கள் பேசி நான் கேட்டதில்லை.

லோட்டே என் தங்கை. போர் முடியும் தறுவாயில் ஊரை விட்டு ஓடியபோது பனிக்காலம். அவளுக்கு ஆறு வயது. வழியில் ஒரு களஞ்சியத்தில் தூங்கினோம், காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. தரை இறுகியிருந்ததால் புதைக்க முடியவில்லை. அவளைப் பெயர் சொல்லி எழுப்பிக்கொண்டே இருந்தேன், அம்மா வந்து என் வாயைப் பொத்தும்வரை.

உங்கள் மகள் படிக்கட்டு விளிம்பில் நின்றாள், விழப் போனாள். நான் கத்தினேன். கத்தும்போது வாயில் வந்தது அந்தப் பெயர். அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. திருட வேண்டும் என்று எடுக்கவில்லை.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். ஆட்டுக்கு எத்தனையோ சொல் எழுதி அனுப்பினீர்கள். கடா, பெட்டை, குட்டி போட்டது, போடாதது, கொம்பு உள்ளது, இல்லாதது. குழந்தை அழும்போது அவளைக் கூப்பிட ஒரு சொல்கூட அனுப்பவில்லை. பெயரில்லாத பிள்ளையை எப்படிச் சமாதானம் செய்வது, ஆர்ன்டீஸ்?

இனி அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் அவள் இன்னும் திரும்புகிறாள் என்பதால், நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

ஹெட்விக்


கால்டபக்கி
8 ஜனவரி 1950

மதிப்புள்ள ஆர்ன்டீஸ்.

கிறிஸ்துமஸ் கப்பலில் உங்கள் கடிதம் இல்லை. புது வருடக் கப்பலிலும் இல்லை. ஸ்டெய்ந்தோர் இரண்டு முறையும் பனியில் துறைவரை நடந்துபோய் வெறும் கையோடு வந்தார். நீங்கள் பதில் எழுத வேண்டாம். இதைப் படித்தால் போதும்.

கூடத்தில் உங்கள் கல்யாணப் படம் இருக்கிறது அல்லவா. அதைக் கீழே இறக்கி, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். தினமும் காலையில் பால் குடிக்கும் முன் அவளைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துவேன். உங்கள் குதிரைப் பாடம்தான், குதிரைக்குப் பதில் அம்மா. இதோ அம்மா. இது அம்மாவைப் பற்றி. இந்தச் சட்டைத் துணி அம்மாவிடமிருந்து. கப்பல் வந்தால் அம்மாவிடம். ஸ்டெய்ந்தோர் கதவருகே நின்று கேட்டார், "அதுக்கு என்ன புரியும்?" என்றார். "உங்களுக்குப் புரியுதா?" என்றேன். போய்விட்டார்.

நேற்று நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கூடத்தில் சத்தம். போய்ப் பார்த்தால் படத்தின் முன்னால் நிற்கிறாள், மாவுக்கரண்டியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு. "அம்மா" என்றாள். படத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கும் ஸ்டெய்ந்தோரைத் தட்டவில்லை. உங்களைத்தான் தட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, எனக்குத் தெரியாதோ என்னவோ என்று இன்னொரு முறை சொல்லிக் காட்டினாள்.

குளறல் இல்லை. உங்கள் ஊர்க்காரி சொல்வதுபோலவே இருந்தது. சோல்வேய்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் போனில் கேட்டிருப்பார்.

ஹெட்விக்


காசநோய் விடுதி
5 பிப்ரவரி 1950

நலமாக வா, ஹெட்விக்.

பக்கத்துக் கட்டில்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் நேற்று எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். இன்று காலையில் சாப்பாடு கொண்டுவந்த பெண், "கரண்டியால தட்டினாளாமே" என்கிறாள். இந்த விடுதியில் எல்லாருக்கும் என் மகளின் மாவுக்கரண்டி தெரியும்.

கோபமாகத்தான் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு எழுதி, கிழித்துப் போட்டேன். உன் தங்கையைப் பற்றிப் படித்த பிறகும் கோபம் போகவில்லை, அதுதான் எனக்கே அசிங்கமாக இருந்தது. இப்போது போய்விட்டது. நீ அவளை உன் பக்கம் இழுத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீ என் பக்கம் திருப்பிவிட்டாய்.

அழும் பிள்ளையைக் கூப்பிட ஒரு சொல் கேட்டாயே. "ஏல்ஸ்கன்" என்று கூப்பிடு. கண்ணே என்று அர்த்தம். யாருக்கும் சொந்தமில்லாத சொல், யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதை அப்போதே அனுப்பாதது என் தப்பு.

டாக்டர் விலா எலும்புகளை எடுத்து நுரையீரலை ஓய்வில் போட வேண்டும் என்கிறார். இவ்வளவு நாள் மறுத்துக்கொண்டிருந்தேன். நேற்று சரி என்று சொல்லிவிட்டேன். மார்ச் நடுவில் செய்வார்கள். நன்றாகப் போனால் கோடைக்குள் வீடு. பாதிரியாரிடம் சொல்லி வை. அவளை நான் கையில் பிடிப்பேன், பெயரை என் வாயால் சொல்வேன், பிறகு பான்கேக்கும் காபியும். பான்கேக் நீ சுடு. என்னைவிட நன்றாகச் சுடுகிறாய் என்று ஸ்டெய்ந்தோர் எழுதியிருக்கிறார், பாவி, அதற்கு மட்டும் நாலு வரி.

நலமாக இரு.
ஆர்ன்டீஸ்


கால்டபக்கி
26 பிப்ரவரி 1950

நலமாக வாருங்கள், ஆர்ன்டீஸ்.

உங்கள் கடிதத்தில் "நீ" திரும்பி வந்திருந்தது. நன்றி.

பாதிரியாரிடம் சொல்லியாயிற்று. கோடையில் எந்த ஞாயிறானாலும் சரி என்றார். ஸ்டெய்ந்தோர் கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார், நீல நிறம். உங்களுக்குப் பிடிக்குமாம். அவராகச் சொன்னார்.

இன்று ஞாயிறு. வெளியே பனிப்புயல், தொழுவத்துக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக முடிகிறது. மதியம் குழந்தையோடு நானும் கொஞ்சம் கண் அசந்தேன். ஒரு கனவு வந்தது. நீங்கள் வந்தீர்கள். அடுப்படிக் கதவில் நின்றீர்கள், கோட்டு நனைந்திருந்தது, கையில் பெட்டி இல்லை. "இங்க எனக்கு இடம் இருக்கா?" என்று கேட்டீர்கள். "என்ன கேள்வி இது, உங்க வீடுதானே?" என்றேன். நீங்கள் உங்கள் கட்டிலைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் படுக்கையைப் பார்த்தீர்கள். "இதுல பத்துமா?" என்றீர்கள். "நகந்து படுத்தா பத்தும்" என்றேன். சிரித்தீர்கள். எழுந்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. கனவில் ஒரு பிழைகூட இல்லாமல் பேசினேன், அதுவும் ஒரு பெருமை.

நீங்கள் சீக்கிரம் வருவீர்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஸ்டெய்ந்தோரிடம் சொன்னேன். அவர் யாய்யாகூடச் சொல்லவில்லை. எழுந்து அந்தப் புயலில் தொழுவத்துக்குப் போய்விட்டார், இன்னும் வரவில்லை. காபி ஆறிக்கொண்டிருக்கிறது.

நலமாக இருங்கள்.
ஹெட்விக்


காசநோய் விடுதி
14 மார்ச் 1950

நலமாக வா, ஹெட்விக்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. நாளை மறுநாள் அறுவைச் சிகிச்சை. இதை உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

ஸ்டெய்ந்தோர் ஏன் எழுந்து போனார் என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டாய். அகராதியிலும் இருக்காது. எங்கள் ஊரில் கனவில் வந்து "இடம் இருக்கா" என்று கேட்பவர்கள் பெயர் கேட்டு வருகிறவர்கள். வீட்டில் பெயரில்லாத பிள்ளை இருந்தால், அதற்குத் தன் பெயரை வைக்கச் சொல்லி வருவார்கள். மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது. சோல்வேய்கின் மகனுக்கு அப்படித்தான் கடலில் போன அவன் மாமன் பெயர். என் பெயரும் அப்படி வந்ததுதான், என் அத்தை என் அம்மாவிடம் கேட்டு வாங்கியது. வருகிறவர்கள் எல்லாரும் செத்தவர்கள். உயிரோடிருக்கும் ஆள் வந்ததாக நான் கேட்டதே இல்லை.

அழாதே. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நீ வெளியூர்க்காரியாக இருந்ததால்தான் எனக்குச் சொன்னாய். எங்கள் ஊர்க்காரி யாராவது கண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள், நான் ஒன்றும் தெரியாமல் போயிருப்பேன். தெரிந்து போவது மேல். எழுத வேண்டியதை எழுத முடிகிறது.

டாக்டரிடம் கனவைச் சொல்லித் தள்ளி வைக்கச் சொல்லலாம். அவரும் எங்கள் ஆள்தான், கேட்டாலும் கேட்பார். நான் சொல்லவில்லை. கத்தி வைக்காவிட்டாலும் போகத்தான் போகிறேன், கொஞ்சம் மெதுவாக. எனக்குப் பயமாக இருக்கிறது, ஹெட்விக். பக்கத்துக் கட்டில்காரி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எழுதுவதற்காக விடச் சொன்னேன்.

கேள். நான் பெட்டியில் வந்தால், பாதிரியாரைக் கோடை வரை காத்திருக்க வைக்காதே. கைக்குழந்தையை விட்டுப் போனவளின் பெட்டியை வைத்து, அதன் மேலேயே அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எங்கள் வழக்கம். செத்தவளின் பெயரையே வைப்பார்கள். நீ அவளைத் தூக்கிக்கொள். பாதிரியார் பெயர் கேட்கும்போது நீ சொல். ஸ்டெய்ந்தோரால் முடியாது, அவர் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும். கூட லோட்டே என்று சேர்க்க வேண்டுமானால் சேர்த்துக்கொள். இரண்டு பெயர் வைப்பது எங்களிடம் உண்டு. நான் முழு மனதோடு சொல்கிறேன்.

நான் மனதில் வைத்திருந்த பெயரை உனக்கும் சொல்ல மாட்டேன். யாருக்கும் சொன்னதில்லை. அது என்னோடு வரட்டும், வழித்துணைக்கு ஆகும்.

ஸ்டெய்ந்தோர் ஒரு வருடம் கழித்து உன்னிடம் ஏதாவது கேட்டால், எனக்காக வேண்டாம் என்று சொல்லாதே. குழந்தைக்காக சரி என்றும் சொல்லாதே. உனக்கு வேண்டுமா என்று பார்.

நான் பிழைத்து வந்துவிட்டால் இந்தக் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து அடுப்பில் போட்டுச் சிரிப்போம். அதுவரை வழக்கம்போலச் சூட்டில் வைத்துப் பிரி. நன்றாகச் சூடேற்று. அவளுக்கு என்னிடமிருந்து எதுவும் தொற்றிவிடக் கூடாது.

"நகந்து படுத்தா பத்தும்" என்று சொன்னாயே. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நலமாக இரு, ஹெட்விக்.
ஆர்ன்டீஸ்


கால்டபக்கி
20 ஏப்ரல் 1950, கோடையின் முதல் நாள்

நலமாக வா, ஆர்ன்டீஸ்.

உன் கடிதமும் நீயும் ஒரே கப்பலில் வந்தீர்கள். தந்தி முன்பே வந்துவிட்டது, அதனால் உன்னை எதிர்பார்த்திருந்தோம். கடிதத்தை எதிர்பார்க்கவில்லை. பெட்டியைப் படகில் இறக்கிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, நீ சொன்னபடி, அடுப்புச் சூட்டில் வைத்துத்தான் பிரித்தேன். ஓரம் கொஞ்சம் பழுப்பாகிவிட்டது.

படித்துவிட்டு உன்மேல் கோபம் வந்தது. என்மேல் வந்தது. அந்த ஞாயிறு நான் தூங்காமல் இருந்திருக்கலாம். எழுதாமல் இருந்திருக்கலாம். நீ தப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் அதை நம்புகிற நாளும் உண்டு, நம்பாத நாளும் உண்டு.

உன்னைக் கூடத்தில் வைத்தோம். சுவர் நீலமாக இருந்தது, பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. குடாவிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். பாதிரியார் உன் பெட்டியின் மேல் வெள்ளைத் துணி விரித்து, தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தார். நான் அவளைத் தூக்கி நின்றேன். அவள் குனிந்து பெட்டியைக் கையால் தட்டினாள், படத்தைத் தட்டுவதுபோல. சோல்வேய்க் சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?" என்று பாதிரியார் கேட்டார். ஆர்ன்டீஸ் என்றேன். பிழை இல்லை. பாதிரியார் கொஞ்சம் நின்றார், இன்னொரு பெயர் வருமா என்று. ஸ்டெய்ந்தோரும் என்னைப் பார்த்தார், உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். நான் சொல்லவில்லை. நீ லோட்டேக்கு இடம் கொடுத்தாய், அது போதும். அவள் என்னோடு வந்தவள், என்னோடு இருக்கட்டும். அந்தச் சின்னப் படுக்கையில் நகர்ந்து படுத்தாலும் இரண்டு பேருக்குத்தான் பத்தும்.

அதன் பிறகு எல்லாரும் ஸ்டெய்ந்தோரின் கையைப் பிடித்து முதலில் துக்கம் சொன்னார்கள், பிறகு பெயருக்கு வாழ்த்துச் சொன்னார்கள், ஒரே மூச்சில். என் கையையும் பிடித்தார்கள். பான்கேக் சுட்டேன். எல்லாம் தீர்ந்துவிட்டது. குழி மூடியபின் ஸ்டெய்ந்தோர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு "யாய்யா" என்றார். நீ படகுத்துறையைப் பற்றி எனக்கு எழுத மறுத்தாயே, அந்த அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது. நானும் யாருக்கும் எழுத மாட்டேன்.

நேற்று இரவு தண்ணீர்த் தட்டை வாசலில் வைத்தோம். காலையில் உறைந்திருந்தது. குளிர்காலமும் கோடையும் சேர்ந்து உறைந்தால் இந்த வருடம் பால் கெட்டியாக இருக்குமாம், சோல்வேய்க் சொன்னார். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. நான் கப்பலேறப் போவதில்லை. ஸ்டெய்ந்தோர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. அதற்கு ஒரு வருடம் இருக்கிறது, நீதான் எழுதியிருக்கிறாய்.

முதல் கடிதத்திலிருந்து உன்னை "நீ" என்று சொல்லச் சொன்னாய், என் வாய் வரவில்லை. இப்போது உன் பெயரை நாள் முழுவதும் சொல்கிறேன். ஆர்ன்டீஸ், பாலைக் குடி. ஆர்ன்டீஸ், சூடு, தொடாதே. ஆர்ன்டீஸ், நாயை விடு. இப்படிக் கூப்பிட்டுவிட்டு உனக்கு எழுதும்போது "நீங்கள்" வர மாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று யோசித்தேன். பிறகு உறையின் மேல் உன் பெயரையும் கால்டபக்கி என்றும் எழுதிவிட்டேன். அந்தப் பெயரில் இங்கே ஒருத்தி இருக்கிறாள். வாசிக்கத் தெரிந்ததும் பிரித்துக்கொள்ளட்டும், உன் கடிதங்களும் கூடவே இருக்கும். நீ எழுதியது அவளுக்குப் புரியும். அதற்கு நான் பொறுப்பு.

நிறுத்துகிறேன். ஆர்ன்டீஸ் ஒரு பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்று கூப்பிடுகிறாள். ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கப் போக வேண்டுமாம்.

ஹெட்விக்